ஐஸ் பெட்டி ராயப்பன் பார்த்த படம்

சாவு வீட்டில் பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியை இறக்கி, பிளக்கைச் செருகி, பச்சை விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்ததும் ராயப்பன் வெளியே வந்து, அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிடுவார். உள்ளே எவ்வளவு பெரிய ஓலம் எழுந்தாலும் திரும்ப மாட்டார். ரோட்டைப் பார்ப்பார். எதிர் வீட்டு முருங்கையைப் பார்ப்பார். போகிற பஸ்ஸின் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பார். யாராவது டீ கொண்டுவந்து நீட்டினால் வாங்கிக்கொள்வார், ஒரு வாய் குடிக்க மாட்டார். மரத்தடியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவிக் கொடுப்பார்.

“சாவு ஊட்டுல பொட்டிக்காரனுக்கு ரெண்டே வேல. வைக்கணும், எடுக்கணும். நடுவுல நடக்கறது நமக்குச் சொந்தமில்ல” என்பார்.

திண்டிவனத்தில் போய் ராயப்பன் வீடு எது என்று கேட்டால், எந்த ராயப்பன் என்பார்கள். ‘ஐஸ் பெட்டி’ என்று சேர்த்துச் சொன்னால் வழியும் காட்டுவார்கள், வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்றும் விசாரிப்பார்கள். மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஆள். கரும்பு வெட்டினார், லாரிக்கு லோடு ஏற்றினார், பழைய பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடையில் எடுபிடியாக இருந்து கம்ப்ரசரின் குணத்தைக் கற்றுக்கொண்டார். இன்றைக்கு அவரிடம் நான்கு பெட்டி, இரண்டு குட்டி யானை வண்டி, மாடி வைத்த வீடு. யார் கையையும் பிடித்து ஏறியவர் இல்லை. இந்த வட்டாரத்தில் அப்படி ஏறி வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ஏறி வந்தவனுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும்.

“எங்கப்பன் வாசலாண்ட நின்னு கூலி வாங்கன ஊட்ல, நான் நடுக்கூடத்துல நின்னுக்கினு பிளக் பாயிண்ட் எங்க இருக்குதுன்னு கேக்கறேன்” என்று சொல்லும்போது கை மீசைக்குப் போகும்.

வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே மாதா இருக்கிறார், பக்கத்தில் மயிலம் முருகன் இருக்கிறார், தர்காவின் ஒரு பச்சைக் கொடியும் உண்டு. கேட்டால், “எந்த சாமி ஊட்டுக்கு எப்பக் கூப்புடுவாங்கன்னு யாரு கண்டா” என்பார். சாமி விஷயத்தில் இவ்வளவு தாராளமாக இருப்பவர் பெட்டி விஷயத்தில் ஒன்றே ஒன்றில் கறார். உயிரோடு இருக்கிறவர் யாரும் அதற்குள் படுக்கக் கூடாது. துடைக்கும்போதுகூட வெளியே நின்றபடி கையை மட்டும்தான் விடுவார்.

“செத்தவங்கள அந்தப் பொட்டி ஞாபகம் வச்சிக்கிறதில்ல. உசுரோட ஒருத்தர் படுத்து எழுந்தா ஞாபகம் வச்சிக்கும். கடேசியாப் படுத்த உசுருக்காகக் காத்துக்கினே கெடக்கும்.”

படித்தவர்கள் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பிணத்தை அவரேதான் தூக்கிவைத்தார்.

அப்படிப்பட்டவரிடம்தான் தென்னரசு வந்து நின்றான். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கத்தில் நிலபுலன் உள்ள கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கைக்காசைப் போட்டுக் குறும்படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். ராயப்பனின் ஒரே மகள் அன்புச்செல்வியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

“அங்கிள், ஒரு நாளைக்குப் பெட்டி வேணும்.”

“யாருப்பா தவறிட்டாங்க?”

“யாருமில்ல அங்கிள். ஷூட்டிங்.”

ராயப்பன் முதலில் ஒப்பவில்லை. மகள் முகத்தைத் தொங்கப்போட்டதும் இறங்கி வந்தார். “தலகாணியச் சுருட்டி வச்சித் துணி போத்து. மூஞ்சியத் தனியா எங்கனா எடுத்துக்க. உசுரோட எவனையும் உள்ள படுக்க வைக்கக் கூடாது” என்றார். தென்னரசு தலையை ஆட்டினான்.

மயிலம் போகிற வழியில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு. ராயப்பன் பெட்டியை வைத்தார். “மெஷின் சத்தம் ரெக்கார்டு பண்ணணும் அங்கிள், ஆன் பண்ணிடுங்க” என்றான் தென்னரசு. தன் கையாலேயே சுவிட்சைப் போட்டார். பிறகு வழக்கம்போல வெளியே போய், வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேடிக்கை பார்க்க வந்திருந்த அன்புச்செல்வி சாயங்காலம் வண்டியில் ஏறும்போது, “குளிருதுப்பா” என்றாள். வெயிலில் நின்ற அசதி என்று நினைத்து வழியில் நிறுத்திச் சுக்கு காபி வாங்கிக் கொடுத்தார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை படம் போட்டார்கள். துக்கத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் இளைஞர்கள் எடுத்த சின்னப் படங்கள் வரிசையாக ஓடின. சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ராயப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மனைவி பூமாலை. மகள் சிநேகிதிகளோடு பின்னால். தென்னரசுவின் படம் தொடங்கியதும் பக்கத்து நாற்காலிக்காரரை முழங்கையால் இடித்தார். “இப்ப வரும் பாருங்க, நம்ம பெட்டி.”

பெட்டி வந்தது. மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கையிலிருந்த ஜெபமாலையைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். கண்ணாடியில் பனி படியப் படிய முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷமாக ரோட்டையும் முருங்கையையும் பார்த்து நின்ற ராயப்பன், உள்ளே என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தார்.

கேமரா மெல்ல நகர்ந்து கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே அன்புச்செல்வி.

நெற்றியில் பொட்டில்லை. மூக்கில் பஞ்சு. ராயப்பன் சட்டென்று பின்னால் திரும்பினார். இருட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். திரை வெளிச்சம் பட்டு அவள் முகம் நீலமாக இருந்தது. திரைக்குத் திரும்பினார். அங்கேயும் அதே நீலம், அதே முகம். கண்ணாடியின் உள்பக்கம், மூக்குக்கு நேராக, ஒரு சின்னப் புகை மாதிரி ஈரம் படிந்திருந்தது. வெளியில் படிகிறது பனி, உள்ளே படிகிறது மூச்சு. பெட்டிக்காரனுக்கு மட்டும் தெரிகிற வித்தியாசம் அது. அந்த ஈரத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காட்சிக்காக அவள் மூச்சை அடக்கியிருக்க வேண்டும். ஈரம் சுருங்கியது, இன்னும் சுருங்கியது, இல்லாமல் போனது. திரும்ப வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வருவதற்குள் படம் வேறு காட்சிக்குப் போய்விட்டது.

விளக்குப் போட்டார்கள். கூட்டத்தை நடத்திய பேராசிரியை காந்திமதி மைக்கோடு வந்தார். யாரோ ஒருவர் அழுதுகொண்டே செத்துப்போன தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். இன்னொருவர் ஜெபமாலைக் காட்சி சாமி குத்தம் என்றார். மைக் முன்வரிசைக்கு வந்தது.

“ஐயா, இந்தப் படம் உங்கள என்ன பண்ணுச்சு? மனசுல பட்டதச் சொல்லுங்க.”

ராயப்பன் மைக்கை வாங்கி, மேடையில் நின்ற தென்னரசுவைப் பார்த்துக் கேட்டார்: “அந்தப் பொண்ணு எழுந்து சிரிச்சிச்சா?”

கூட்டம் சிரித்தது. அவர் கேட்டது வேடிக்கைக்கில்லை. சினிமாவில் பிணமாக நடிப்பவர்கள், எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி ஒரு ஷாட் எடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போவார்கள். கூப்பிட்டது சும்மா விளையாட்டுக்கு என்று சாவுக்குச் சொல்லித் திருப்பி அனுப்புகிற வழி அது.

“அது எடுக்கல அங்கிள்” என்றான் தென்னரசு. “நடிக்க வந்த பொண்ணு பெட்டியப் பாத்துட்டு மாட்டேன்னுட்டாங்க. தலகாணி தலகாணியாவே தெரிஞ்சுது. அன்புதான் நான் படுக்கறேன்னா. சிரிக்கிற ஷாட் எடுக்கறதுக்குள்ள கேமராவுல மெமரி கார்டு ஃபுல் ஆயிடுச்சு.”

திண்டிவனம் வரைக்கும் ராயப்பன் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். லாரி எதிரே வரும்போதெல்லாம் ஓரம் கட்டினார்.

“நான் ஆன் பண்ண மெஷின்ல படுத்தியா?” என்று மகளிடம் ஒரு முறை கேட்டார்.

அன்றையிலிருந்து அந்தப் பெட்டியை அவர் எங்கும் அனுப்பவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடி ஷெட்டின் மூலையில் தள்ளினார். மகளின் ஸ்கூட்டர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிற பெண்ணை, போய்ச் சேர்ந்தாயா, சாப்பிட்டாயா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று போனில் பிய்த்து எடுத்தார். மாதா கோயில் எண்ணெய், மயிலத்து விபூதி, தர்காவில் மந்திரித்த கயிறு எல்லாம் அவள் மேல் ஏறின. “நான் ஆளா, உன் வண்டி டேஷ்போர்டா?” என்று கேட்டாள். சாதாரணச் சளிக் காய்ச்சல் ஒன்று வந்தது. அவள் தூங்கும்போது மூக்குக்கு நேரே கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவரைப் பூமாலை கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

“யோவ், பேஜாரு பண்ணாத. அந்தப் புள்ளாண்டானக் கூப்புடு. இவ இன்னொரு தரம் படுத்து எழுந்து சிரிச்சிட்டுப் போவட்டும். அத்தோட தீந்துது.”

“மறுபடியும் அதுக்குள்ளயா?”

அதுதான் சிக்கல். படுக்காமல் சிரித்தால் செல்லாது. சிரிப்பதற்குப் படுக்க வேண்டும். படுத்தவள் இந்தத் தடவை எழுவாளா என்கிற இடத்தில் ராயப்பன் எழுந்து ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை இன்னும் இழுத்து மூடுவார்.

சாப்பிட உட்கார்ந்த ஒரு மத்தியானம் அன்புச்செல்வி பொறுமை இழந்தாள். “கடேசியாப் படுத்தவங்களத்தான அது ஞாபகம் வச்சிக்கும்? அப்ப வேற எவனையாவது புடிச்சிப் படுக்க வையேன். என்ன மறந்துட்டு அவனப் புடிச்சிக்கட்டும்.”

கிண்டலாகத்தான் சொன்னாள். ராயப்பன் பிசைந்த சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை தென்னரசுவை வரச் சொன்னார். கேமராவோடு வந்தான். வாசலில் பெட்டியை இறக்கி, தார்ப்பாயை உருவினார். அன்புச்செல்வி கூந்தலை முடிந்துகொண்டு தயாரானாள். “ஜல்தி எடுடா தென்னரசு, எனக்கு டூட்டி இருக்குது.”

“நீ தள்ளு. கடேசியாப் படுக்கறது நானா இருக்கட்டும்” என்றார் ராயப்பன்.

செருப்பைக் கழற்றினார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கி உள்ளே வைத்தார். “யோவ், இன்னா பண்ற?” என்று பூமாலை ஓடிவந்தாள். அவர் நீட்டிப் படுத்து, இரண்டு கையையும் மார்பில் சேர்த்து, “மூடு” என்றார். தென்னரசு மூடியை இறக்கினான். கண்ணாடிக்குக் கீழே வெள்ளைச் சட்டை, மீசை, மூடிய கண்கள். அன்புச்செல்வியின் முகத்திலிருந்த கிண்டல் மெல்ல வடிந்தது. “தொற. போதும், தொறடா” என்று மூடியை அவளே பிடித்துத் தூக்கினாள்.

ராயப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

“அங்கிள், கேமரா ஓடிக்கினு இருக்குது. இங்க பாத்து சிரிங்க.”

“சிரியேன்யா” என்றாள் பூமாலை.

“அப்பா, சிரிப்பா.” அன்புச்செல்வி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அப்பா.”

ராயப்பன் கேமராவை நேருக்கு நேராகப் பார்த்தார். வலது உள்ளங்கையை எடுத்து, மீசையோடு சேர்த்து, வாயை இறுக்கப் பொத்திக்கொண்டார்.