வாப்பாவுக்குக் கரண்டு வைத்த நோன்பு மாதம்

எங்கள் தெருவில் யாரும் கதிர்வீச்சு சிகிச்சை என்று சொல்வதில்லை. கரண்டு வைக்கிறது என்றுதான் சொல்வார்கள். உன் வாப்பாவுக்குக் கரண்டு வைக்கிறார்களாமே, ஷாக் அடிக்காதா என்று எதிர்வீட்டு மாமி என்னைத் தனியாக இழுத்து விசாரித்தாள். அதெல்லாம் அடிக்காது மாமி, இனிமேல் ராத்திரி அவர் பக்கத்தில் லைட் போட வேண்டாம், அவ்வளவுதான் என்றேன். மாமி நம்பிவிட்டாள். அந்த நாட்களில் எனக்கு எல்லார்மேலும் எரிச்சலாக இருந்தது. வாப்பாமேல்தான் ரொம்ப.

எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. மேலப்பாளையத்திலிருந்து ஜவுளி மூட்டையோடு பஸ் ஏறி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி என்று ஊர் ஊராகக் கைலிச் சாரமும் துண்டும் விற்றுவந்தவர் அவர். வெற்றிலையும் புகையிலையும் இடது கன்னத்தில் ஒதுங்கி, ஒரு பக்கம் உப்பிய முகம்தான் எனக்குத் தெரிந்த வாப்பா முகம். எழுபது தாண்டி, வியாபாரத்தை விட்ட பிறகும் புகையிலையை விடவில்லை. கன்னத்துக்குள் புண் வந்தபோது சூட்டுப் புண் என்று தானே முடிவுகட்டி மோர் குடித்தார், மணத்தக்காளிக் கீரையை அவித்துத் தின்றார். மாதக்கணக்கில் ஆறாத புண்ணை எங்களுக்கு வாயைத் திறந்து காட்டவே இல்லை. சண்டை போட்டுத்தான் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வேறொரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே சதையைக் கிள்ளிச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது.

வாப்பாவின் இதயம் பலவீனமாக இருந்ததால் ஆபரேஷன் தாங்காது என்றார் அந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மா. கரண்டு மட்டும்தான் வழி. அதற்கு முன்னால் ஆட்டம் கண்ட பற்களைப் பிடுங்கச் சொன்னார்கள், வாப்பா பிடுங்கிக்கொண்டார். தாடியை எடுக்கச் சொன்னார்கள். நான் பயந்தது அதற்குத்தான். நாங்கள் எப்படிச் சொல்வது என்று குசுகுசுத்துக்கொண்டிருக்கையில் அவரே சலூனுக்குப் போய் மழித்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வந்தார். உம்மா துண்டை விலக்கிப் பார்த்தாள். கல்யாணத்தன்று பார்த்த மாப்பிள்ளை இப்போதுதான் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள்.

அதன் பிறகு மாஸ்க் செய்தார்கள். ஓட்டை ஓட்டையாக இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, வாப்பாவின் முகத்தின்மேல் விரித்து அழுத்தினார்கள். ஆறியதும் அது அவர் மூக்கும் தாடையுமாக இறுகிவிட்டது. தினமும் அதைப் போட்டுத் தலையை மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். தலை ஒரு இம்மி அசைந்தாலும் கரண்டு வேறு இடத்தில் பாயும். டாக்டரம்மா என்னிடம் இரண்டே விஷயம் கேட்டார். ஒன்று, நடுவில் நாள் விட்டுப்போகக் கூடாது. விட்டால் நோய் மறுபடி தலைதூக்கும். இன்னொன்று, எடை குறையக் கூடாது. குறைந்தால் மாஸ்க் தொளதொளவென்று ஆகிவிடும், எல்லாவற்றையும் நிறுத்திப் புதிதாகச் செய்ய வேண்டிவரும். எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார். இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

முதலில் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு எச்சில் வற்றியது. நாக்கும் உள்கன்னமும் வெந்துபோய் வெள்ளை வெள்ளையாகப் புண். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கொக்கிரகுளம் பாலத்தில் ஆட்டோ குலுங்கினால்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பையப் போகச் சொல்லு என்று சைகை காட்டுவார். வீட்டில் சாப்பாட்டு நேரம் போர்க்களமாக மாறியது. உம்மா எல்லாவற்றையும் அரைத்து, வடிகட்டி, ஆற்றிக் கொண்டுவருவாள். ஒரு டம்ளர் கஞ்சியை உள்ளே தள்ளுவதற்குள் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடும். நான் விட மாட்டேன். கெஞ்சினேன், மிரட்டினேன், மாஸ்க்கைச் சொல்லிப் பயமுறுத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஊரே சொல்லும். அந்தக் கோபத்தால்தான் தினமும் நாலு டம்ளராவது இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் ரமலான் பிறை தெரிந்தது. நான் நோன்பு வைக்கப்போகிறேன் என்றார் வாப்பா.

வீட்டில் பெரிய ரகளை. டாக்டரம்மா கூடவே கூடாது என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கே வந்து, சீக்காளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, நோன்புக்குப் பதிலாக ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று பொறுமையாக விளக்கினார். வாப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார். மறுநாள் நோன்போடு உட்கார்ந்திருந்தார். உப்புத் தண்ணீர் கொப்பளிப்பதைக்கூட, தொண்டைக்குள் போய்விடும் என்று நிறுத்திவிட்டார்.

தெருவில் இது பெரிய பேச்சாகிவிட்டது. இந்த நிலைமையிலும் நோன்பை விடாத மனுஷன் என்று வருகிறவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்துத் தங்களுக்காக அல்லாஹ்விடம் துஆ செய்யச் சொன்னார்கள். உம்மாவும் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள். அல்லாஹ் இதைப் பார்த்தாவது ஷிஃபா தருவான், குணமாக்குவான் என்று நம்பினாள். நான் டம்ளரோடு கிட்டே போனால் வாப்பா உள்ளங்கையைக் காட்டுவார். நோன்பு என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நோன்பாளியின் வாயில் சாப்பாட்டைத் திணிக்கிற தைரியம் எங்கள் தெருவில் எவளுக்கும் கிடையாது, எனக்கும் இல்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினால் இரண்டு வாய் குடித்துவிட்டு, பாங்கு சொல்லப் போகிறான் என்று டம்ளரைத் தள்ளிவிடுவார். சாயங்காலம் நோன்பு திறக்கையில் ஊறவைத்த பேரீச்சம்பழத்தின் தண்ணீர், அரை டம்ளர் கஞ்சி. அதற்கு மேல் வயிறு நிறைந்துவிட்டது என்பார்.

ஒருநாள் கரண்டு அறையிலிருந்து, மாஸ்க் மாட்டிவிடுகிற பெண் என்னை உள்ளே கூப்பிட்டாள். வாப்பா மாஸ்க்கோடு படுத்திருந்தார். அவள் அவர் தாடைக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் தன் விரலை விட்டுக் காட்டினாள். விரல் தாராளமாக உள்ளே போனது. அன்றைக்குக் கரண்டு வைக்கவில்லை. புது மாஸ்க் செய்து, மறுபடியும் ஸ்கேன் எடுத்துக் கணக்கிட வேண்டும். அதற்கு முன்னால் எடை குறைவது நிற்க வேண்டும், மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. வாப்பா தலையை அசைத்தார். குழாயில் ஊற்றினால் நோன்பு முறிந்துவிடும், பெருநாள் முடியட்டும் என்றார். பெருநாளுக்கு இன்னும் பாதி மாதம் இருந்தது. அதுவரை இவர் தாங்க மாட்டார் என்று டாக்டரம்மா என்னிடம் மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா தொழப் போய்விட்டாள். நானும் அவரும் மட்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் வாப்பா என்பதையே மறந்துவிட்டேன்.

"அல்லாஹ் உங்ககிட்ட கேட்டானா இந்த நோன்ப? ஹஜ்ரத்தே வேண்டாங்காரு. யாருக்காவ வைக்கிய? மவுத்தாப் போனாத்தான் ஒங்களுக்கு நிம்மதியா?"

அவருக்குப் பேசினாலே நாக்கு பல் இல்லாத ஈறில் உரசி எரியும். கையால் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அல்லாஹ்வுக்கு இல்லம்மா. ஒங்களுக்காவத்தான். நோன்புன்னு சொன்னாத்தான் நீங்க யாரும் தின்னுங்கன்னு சொல்ல மாட்டிய."

துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"பசி தாங்கிரலாம். வாயில வைக்கதுதான் முடியல. தீக்கங்கை முழுங்குத மாரி இருக்கு. நீ டம்ளர எடுத்துட்டு வந்தாலே எனக்கு ஒதறுது. நோன்பு வந்துது, அதுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நிய்யத்தே பொய், மனசுல வச்ச எண்ணமே பொய். தெருவே வந்து என் கையப் பிடிச்சி துஆ கேக்குது. படைச்சவன்ட்ட என்னத்தச் சொல்லுவேன்?"

இத்தனை நாளும் வாயில் அந்தப் புண்ணையும் மனசில் இந்தப் பயத்தையும் வைத்துக்கொண்டு, கையைப் பிடிக்கிறவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொள்ள முடியாது, கழுத்தெல்லாம் புண். காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். குழாய் போட்டால் வாயில் எதுவுமே படாது வாப்பா, மூக்கு வழியாக நேராக வயிற்றுக்குப் போய்விடும் என்றேன். இதை டாக்டரம்மாவும் சொல்லியிருந்தார். ஆனால் குழாய் என்றாலே அதையும் வாய்க்குள்தான் திணிப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாயில படவே படாதா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "உம்மாட்ட சொல்லாத" என்றார். குழாயைப் பற்றி அல்ல என்று எனக்குப் புரிந்தது.

மறுநாள் காலையில் குழாய் போட்டார்கள். நடுவில் நின்றுபோன நாட்களால் என்ன ஆகும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். இப்போது எதையும் சொல்ல முடியாது, எல்லாம் முடிந்து சில மாதம் கழித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அதுவே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் எதிர்வீட்டு மாமியிடம் உம்மா, அவுக வைக்கத்தான் செஞ்சாக, டாக்டர்தான் நோன்பை விட வச்சிட்டா என்று கண்ணைத் துடைத்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் வாப்பாவை உள்ளே கூட்டிப்போனேன்.

மத்தியான லுஹர் தொழுகை முடிந்து தெரு அடங்கியிருந்த நேரம். நோன்புப் பகலில் சாப்பாட்டு வாசம் வெளியே போகக் கூடாது என்று உம்மா ஜன்னலைச் சாத்தினாள். சத்துமாவுக் கஞ்சியைப் பாலில் கரைத்து வடிகட்டியிருந்தாள். நான் குழாயின் முனையில் பெரிய சிரிஞ்சைப் பொருத்தி உயர்த்திப் பிடித்து ஊற்றினேன். கஞ்சி மெதுவாக இறங்கியது. வாப்பா அதையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த வலியும் இல்லை. டம்ளர் காலியானதும் தண்ணீர் விட்டுக் குழாயை மூடப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார். "பசிக்குது."

விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத உம்மா, என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.