கூப்பிட்டால் கேட்கும் தூரம்

அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் ஒரு வீட்டு முன்னறை. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு நாற்காலியின் நுனியில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். எதிரே, குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து யார்டில் சரக்கு வண்டிப் பெட்டிகளை இணைக்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. அக்கா கேட்ட முதல் கேள்வி இது: "ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்குதாங்க?"

அந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "இருக்குதும்மா. ஆனா ஒரு ரூம்ல நாலு பேரு. தாழ்ப்பா போட்டாலும் மத்த மூணு பேருக்குத் தொறந்துதான் ஆகணும்," என்றாள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. அக்கா வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டு அரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் திருத்தணியிலிருந்து ரயிலில் போய் வருவாள். குவைத்துக்கு நர்ஸ்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மெட்ராஸுக்குப் போய் நேர்முகத்தில் உட்கார்ந்து தேர்வாகிவிட்டாள். எங்கள் தெருவில் மெட்ராஸைத் தாண்டிப் போன பெண்கள் கிடையாது. ஆனாலும் கிடைத்துவிட்டதே என்று அவள் குதிக்கவில்லை. போகிற இடம் எப்படிப்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும் என்றாள். தங்கையான எனக்கும் அவளுக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். துணைக்கு வா என்று என்னை அழைத்துப் போனாள்.

அன்று அவள் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். குடிக்கத் தண்ணீர் எப்படி வருகிறது? இரவு டியூட்டி முடிந்தால் விடுதிக்கு யார் கொண்டுவந்து விடுவார்கள்? வண்டி வராவிட்டால் நடந்து வரலாமா, அந்த வழியில் என்ன இருக்கிறது? விடுதிக் கட்டடத்தில் வேறு யார் குடியிருக்கிறார்கள்? நம் சமையல் சமைத்துக்கொள்ள விடுவார்களா? லீவு நாளில் கடைக்குத் தனியாகப் போகலாமா? யாராவது தொந்தரவு கொடுத்தால் யாரிடம் சொல்வது, சொன்னால் கேட்பார்களா? அந்த நர்ஸ் எதையும் மூடிமறைக்கவில்லை. வாசலில் வயதான அம்மா ஒருத்தி காவல், ஆண்கள் உள்ளே வர முடியாது, ஆஸ்பத்திரி வண்டி வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கும் என்றாள். வெயிலில் மூக்கில் ரத்தம் வரும், மணற்காற்று அடித்தால் சோற்றிலும் மணல்தான் என்றாள். பாஸ்போர்ட்டை ஆபீசிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று சொன்னபோது அக்காவின் புருவம் சுருங்கியது. "அவசரத்துக்கு வேணும்னா?" "கேட்டு வாங்கணும். அதுக்கே ரெண்டு நாளாவும்." கடைசியில் அந்த நர்ஸ் சொன்னாள்: "அழுவ. மொத ஆறு மாசம் அழுதுகினேதான் இருப்ப. அப்பறம் உன் கையில ஒரு தெம்பு வரும் பாரு, அது இங்க வராது."

திரும்பி வரும் ரயிலில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கரும்பு வண்டிகள் லெவல் கிராஸிங்கில் நின்றிருந்ததைப் பார்த்தபடியே வந்தாள். திருத்தணி மலை தெரிந்ததும் என் பக்கம் திரும்பி, "எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேணாம்னு இப்ப தெரிஞ்சிபோச்சு. போலாம்," என்றாள்.

எங்கள் அப்பாவை நைனா என்போம். கெட்டவர் அல்ல. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் வைத்திருந்தார். தெருவில் யார் வீட்டுச் சண்டையானாலும் அவர் வந்து உட்கார்ந்தால் தீரும் என்று ஒரு பேர். மகளை நர்ஸ் படிக்க வைத்ததற்கே சொந்தக்காரர்களிடம் நிறையப் பேச்சு வாங்கியவர். அவரும் விசாரிக்கத்தான் செய்தார். நகரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் அங்கே கொத்து வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தார். நைனா அவரை பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் பிடித்து அரை நாள் பேசினார். மேஸ்திரி இருந்தது ஊருக்கு வெளியே, ஆண்கள் மட்டும் அடைந்து கிடக்கிற தகரக் கொட்டகையில். அங்கே திருட்டுச் சாராயம், அடிதடி, ஒருவனை ஒருவன் கத்தியால் கிழித்தது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்து நைனா சாப்பிட உட்கார்ந்தார்.

"விசாரிச்சேன். அது பொம்பள இருக்கற ஊரில்ல."

"யாரக் கேட்ட நைனா?"

"அங்க இருந்தவனத்தான்."

"அவரு இருந்தது கொட்டாயி. நான் இருக்கப் போறது ஆஸ்பத்திரி ஹாஸ்டலு. அங்க இருக்கற பொண்ண நான் கேட்டுகினு வந்திருக்கறேன். நம்ம ஊரு எப்படின்னு யாராச்சும் கேட்டா, கள்ளச் சாராயம் விக்கற சந்துல நிக்க வச்சு இதான் திருத்தணின்னு காட்டுவியா?"

 நைனாவின் குரல் மிகவும் தணிந்துவிட்டது. "தெரியாத ஊர்ல பொண்ண விட்டுட்டு என்னால தூங்க முடியாதும்மா," என்றார். அவர் அதட்டியிருந்தால் அக்கா எதிர்த்து நின்றிருப்பாள் என்று நினைக்கிறேன். அந்தத் தணிந்த குரல்தான் அவளைக் கட்டிப்போட்டது.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கிருந்தெல்லாமோ காவடியோடு வந்து குவிகிற கூட்டத்தில், தோளோடு தோள் இடிபட, எங்கள் இருவரையும் சிறு வயதிலிருந்தே தனியாக மலைக்கு அனுப்பியவர் அவர். அந்தக் கூட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. நெரிசலில் எத்தனை கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு படியேறியிருக்கிறோம் என்பதை நாங்கள் வீட்டில் சொன்னதில்லை. ஆனால் அது நம் ஊர். நம் ஊரை யாரும் விசாரிப்பதில்லை.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. எங்கள் தெருவிலேயே கடைசியில் தறிக்காரர் வீடு ஒன்று, எங்களைவிட வசதி. அந்த வீட்டு மூத்த மகனுக்கு அக்காவைக் கேட்டார்கள். நைனா முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "கூப்ட்டா கேக்கற தூரம்," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அக்கா ஒரே ஒரு தடவை, "அவரப் பத்தி விசாரிச்சியா நைனா?" என்று கேட்டாள். "விசாரிக்கறதுக்கு இன்னா இருக்குது? எங்க கண்ணு முன்னால வளந்த புள்ள," என்றார் நைனா. குவைத்துக்கு அரை நாள் செலவழித்தவருக்கு, நூறு அடி தள்ளியிருந்த வீட்டுக்கு அரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் அக்காள் கணவரைப் பாவா என்று கூப்பிடுவோம். சில மாதங்கள் நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். கல்யாணமானதும் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறகு கோயிலுக்கு வருவது நின்றது. பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதும் குறைந்தது. வந்தாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா ஒருநாள் அந்த முந்தானையை விலக்கிப் பார்த்துவிட்டு நைனாவிடம் போய்ச் சொன்னாள். நைனா அந்த வீட்டுப் பெரியவரைப் போய்ப் பார்த்தார். காபி குடித்துவிட்டு வந்தார். "சின்னஞ்சிறுசுங்க. போகப் போகச் சரியாவும்," என்றார். ஊரார் சண்டையையெல்லாம் தீர்த்தவர்.

எங்கள் தெருவில் விடிந்தால் தறிச் சத்தம்தான். வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடும்போது, பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். அந்தச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்ததால் அது எங்களுக்குச் சத்தமாகவே தோன்றியதில்லை. அதற்குள் என்னவெல்லாம் அமுங்கிப் போகும் என்று எனக்குத் தெரிந்தது ஒரு வெயில் நாள் மதியம், கரண்ட் போனபோது.

கரண்ட் போனால் தெருவே ஒரே மூச்சில் நின்றுவிடும். அத்தனை தறிகளும் ஒன்றாக அடங்கும். புழுக்கம் தாங்காமல் எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். அன்றும் வந்தார்கள். அந்த அமைதியில் தெருக்கோடி வீட்டிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "வேணாங்க, காதுல வேணாங்க" என்று அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகக் கேட்டது. அவனுக்கு அந்த வேகத்தில் கரண்ட் போனதே தெரியவில்லை போலிருக்கிறது. வாசல்களில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பீடியைப் பற்றவைத்தார். நைனா எங்கள் வாசற்படியில் கையை நிலையில் ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன், கேட்டுவிட்டது. நூறு பேருக்குக் கேட்டது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தானோ என்னவோ, அவரால் காலை எடுத்து வைக்க முடியவில்லை.

அரிசி களைந்துகொண்டிருந்த ஈரக் கையோடு அம்மாதான் இறங்கி நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அந்த வீட்டுக்குள் போய், யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா வெளியே வந்தாள். அக்காவின் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வரை இறங்கியிருந்தது. நாங்கள் பாதித் தெரு வருவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஒவ்வொரு வீடாகத் தறி ஓடத் தொடங்கியது. வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

மறுநாள் பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மா அக்காவின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "அவன் கை நீட்றவன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்மா. தறி ஓட்ற பையன் ஒருத்தனக் கொம்பால அடிச்சி மண்டைய ஒடச்சவனாச்சே. யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

அந்தக் "கேட்டிருந்தா" என்ற சொல் இத்தனை வருடம் கழித்தும் எனக்குச் செரிக்கவில்லை.

பெரியவர்கள் கூடி உட்கார்ந்து திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அக்கா போகவில்லை. எனக்குத் திருவாலங்காட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே வீடு பிடித்து அவளை அழைத்துக்கொண்டேன். புருஷனை விட்டு வந்தவள் என்று தெரிந்ததும் முதலில் பார்த்த இரண்டு வீட்டுக்காரர்கள் கொடுக்க மறுத்தார்கள். அவள் மறுபடியும் குவைத்துக்கு எழுதிப்போட்டாள். மறுபடியும் தேர்வானாள். ஆனால் மெட்ராஸில் நடந்த மருத்துவச் சோதனையில் இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். அன்று ரயிலில் வரும்போது அக்கா அழவில்லை. "அந்த ஊர்ல போயி எதுனா ஆயிடப் போவுதுன்னு பயந்தாங்க. ஆவறது இங்கயே ஆயிடுச்சு," என்று மட்டும் சொன்னாள். பிறகு அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனாள்.

இப்போது என் மகள் வேலைக்காக வெளிநாடு போவதற்கு முன், குடியிருக்கப் போகிற தெருவை போனிலேயே எனக்குக் காட்டினாள். இது பஸ் நிறுத்தம், இது கடை, இங்கே விளக்கு இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கும் பெண்கள் நடக்கிறார்கள் என்று விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். நன்றாக இருக்கிறது என்றேன். நம் தெருக்களை இப்படி நின்று பார்த்து யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று மனதுக்குள் ஓடியது. அக்கா இப்போது இல்லை. அவளைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் நைனா வாதத்தில் விழுந்தார். வலப்பக்கம் வராமல் போய்விட்டது. பேச்சு மட்டும் மெதுவாக வந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அக்கா வேலையைக் குறைத்துக்கொண்டு திருத்தணிக்கு வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். திருப்பிப் படுக்க வைப்பதும் துடைப்பதும் ஊட்டுவதும் அவள்தான். அவள் அதைப் பாசத்தில் செய்தாளா, தொழிலாகச் செய்தாளா என்று நான் கேட்டதில்லை. முதுகில் ஒரு புண் வரவிடவில்லை.

அப்போது அடுத்த தெருத் தறிக்காரர் ஒருவர் தன் மகளோடு வந்தார். அவளும் நர்ஸ். துபாயில் வேலை கிடைத்திருந்தது. அனுப்பலாமா வேண்டாமா என்று அவருக்குக் குழப்பம். "நீங்க அப்பவே இதெல்லாம் விசாரிச்சவரு. அதான் ஒரு வார்த்த கேட்டுகினு போலாம்னு," என்றார். நானும் அன்று அங்கே இருந்தேன். அக்கா நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

நைனா கொஞ்சம் யோசித்தார். பிறகு, நன்றாக இருக்கிற இடது கையை மெல்லத் தூக்கி அக்காவைக் காட்டினார்.

"அனுப்பாதீங்க. எம்பொண்ண... நான் அனுப்பல. பாருங்க, கண்ணு முன்னால... பத்திரமா கீறா."

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். அவர் வாயோரத்தைத் துடைத்தாள். வந்தவர்களை வழியனுப்ப வாசல் வரை போனாள். நானும் கூடப் போனேன். அந்த மனிதர் செருப்பை மாட்டிக்கொண்டே தயங்கினார். "நீ இன்னாம்மா சொல்ற?"

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. நைனா சொன்ன மாதிரி என்ன நல்லாப் பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்றாள் அக்கா.

அவர் பார்த்தார். அவர் பிறந்து வளர்ந்த ஊர்; அக்காவின் கதை அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்றுதான் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு மகளைப் பார்த்தார். கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த தை மாதம் அந்தப் பெண் துபாய்க்குப் போனாள்.

அக்கா உள்ளே வந்ததும் நைனா கேட்டார்: "போயிட்டாங்களா? நான் சொன்னது... சரிதான?"

"ஆங்," என்றாள் அக்கா. கிண்ணத்தை எடுத்தாள். கஞ்சி ஆறிப் போயிருந்தது. சுடவைக்க உள்ளே போனாள்.