உப்புப் பார்க்காத நாள்

என் அப்பா ஆம்ப்ரோஸைப் போல ஒரு பிடிவாதக்காரரை எங்கள் ஜோகுபாளையம் முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தாலும் பார்க்க முடியாது. கண்டோன்மென்டில் ஆபீசர்கள் மெஸ் ஒன்றில் சமையல்காரர். வெளியே கைமணத்துக்குப் பெயர் வாங்கியவர். வீட்டில் அம்மா அவருக்கு வைத்திருந்த பெயர் 'பேஜாரு மனுசன்'. அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்கும் இதுவரை அகப்படவில்லை.

எல்லாம் நன்மை வாங்குகிற, அதாவது சாமியார் நாக்கில் வைக்கிற திரு அப்பத்தை வாங்குகிற விஷயத்தில்தான். அந்தக் காலத்தில் பூசையில் நன்மை வாங்க வேண்டுமென்றால் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. பூசையும் காலையில் மட்டும்தான். அப்பாவோ விடியுமுன்பே அடுப்பு மூட்டுகிறவர். குழம்பு கொதி வந்ததும் கரண்டியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு நக்கி உப்புப் பார்ப்பார். அதோடு விரதம் போச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காய வாசனையோடு ஓடி வந்து பூசை பார்ப்பார். மற்றவர்கள் நன்மை வாங்க எழுந்து பீடத்து முன்னால் இருக்கிற கிராதிக்குப் போகும்போது அவர் மட்டும் தூணோரம் முழங்காலில் இருப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டரையொட்டிய பாஸ்கா காலத்தில், லீவு சொல்லிவிட்டு நன்மை வாங்குவதோடு சரி.

ஊர் வாய் சும்மா இருக்குமா? ஆம்ப்ரோஸ் மனசில் என்ன பெரிய பாவமோ என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. பங்குச் சாமியார் மதலைமுத்து சாமியிடம் போய் முறையிட்டாள். அவர் நல்ல மனிதர். அப்பாவைக் கூப்பிட்டு, "ருசி பாத்துட்டுத் துப்பிடுய்யா ஆம்ப்ரோஸ். முழுங்கலன்னா விரதம் கெடாது" என்றார்.

"சோத்தத் துப்பவா சாமி? துப்புன வாயில ஆண்டவர வாங்கவா?" என்று அப்பா கேட்டார். சாமியார் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

"அப்படி என்னதான்யா இருக்கு அந்தப் பட்டினியில?" என்று அம்மா வீட்டில் கத்தினாள்.

"விருந்துக்குப் போறவன் வீட்லயே தின்னுட்டுப் போனா, ஆக்கி வெச்சவனுக்கு எப்படி இருக்கும்? ஆக்கறவனுக்குத்தான்டி அது தெரியும்" என்றார் அப்பா. நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தால் வருஷம் முழுக்கப் பந்தி ஓரத்தில் நின்றது அவர் ஒருவர்தான்.

நாற்பத்தொன்பதில் எனக்குப் புதுநன்மை. பிள்ளை முதன்முதலாக நன்மை வாங்கும்போது இரண்டு பக்கமும் தாயும் தகப்பனும் முழங்காலிட்டுக் கூடவே வாங்குவது எங்கள் கோயில் வழக்கம். அப்பா ஒரு மாசம் முன்பே லீவு சொல்லி வைத்தார். முதல் நாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ராத்திரி சாப்பாட்டோடு வாயைக் கட்டினார். அதோடு விட்டிருக்கலாம். பூசை முடிந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இட்லிக்கும் குருமாவுக்கும் நானே அடுப்படியில் நிற்கிறேன் என்று கன்னியாஸ்திரி மதரிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். என் பிள்ளை சாப்பிடப் போகிற முதல் விருந்தை வேறொருவன் ஆக்குவதா என்ற வீம்பு.

வெள்ளைக் கவுனும் முக்காடுமாக, மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, அப்பாவிடம் காட்டுவதற்காகக் கோயில் பின்னால் இருந்த கொட்டகைக்கு ஓடினேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. குருமா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியைத் தூக்கினார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார், நக்கினார். அவர் நினைத்துச் செய்யவில்லை. அந்தக் கைக்கு அதுதான் பழக்கம். விழுங்கின பிறகுதான் அவருக்கு உறைத்தது. கரண்டி அந்தரத்தில் நிற்க, என்னைத் திரும்பிப் பார்த்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"நீ போம்மா. அப்பாவால வர முடியாது" என்றார்.

அம்மா வந்து காலில் விழாத குறை. "ஒரு சொட்டுதானே. யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்" என்றார் அப்பா.

என் வலது பக்கம் காலியாக இருந்தது. நான் அழுதுகொண்டே நாக்கை நீட்டினேன். வெளியே வந்ததும் கோபத்தில் அப்பாவிடம், "அந்த அப்பத்துல உப்பே இல்ல" என்றேன். அவர் அன்றைக்கு அந்த ஒரு தடவைதான் சிரித்தார். "அதுக்கு எதுக்குடி உப்பு?" என்றார்.

ஐம்பத்தேழில் ரோமாபுரியிலிருந்து புதுச் சட்டம் வந்தது. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதுமாம். சாயங்காலப் பூசையிலும் நன்மை வாங்கலாமாம். அம்மா ஸ்தோத்திரம் சொல்லி அழுதாள். அப்பா மட்டும் பறிகொடுத்தவரைப் போல உட்கார்ந்திருந்தார். "முந்தாநாள் வரைக்கும் தப்பு, இன்னிக்குத் தப்பு இல்லியா? அப்போ நான் தூணோரம் மண்டி போட்டதெல்லாம் எதுக்கு?" என்றார். கடைசியில் அவர் சட்டத்தையும் ஏற்கவில்லை, தன் பிடியையும் விடவில்லை. மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம், எனக்கு நடுராத்திரி என்று நின்றுகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கதவைத் திறந்துவிட்ட பிறகும் வாசலில் நிற்கிற மனிதரை என்ன செய்வது?

அறுபத்தொன்றில், ஈஸ்டர் முடிந்து, எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை காக்ஸ் டவுன் ஓஸ்வால்ட். கல்யாணப் பூசை காலை ஒன்பது மணிக்கு. நான் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"இந்த வாட்டி நீங்க எம் பக்கத்துல முட்டி போடணும். விடியுமுன்ன உப்புப் பாத்துட்டு வாங்க. சட்டமே விடுது."

"சட்டம் விடும். நான் விடமாட்டேன்."

"அப்போ வேற சமையல்காரர வைங்க."

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு எவனோ ஒருத்தன் வந்து ஆக்குவானா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, கோவிந்தனிடம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். கோவிந்தன் அவருக்கு மெஸ்ஸில் கூடமாட வேலை செய்கிறவர், எங்கள் தெருக்காரர். பதினைந்து வருஷமாக அப்பா அவரை வெங்காயம் நறுக்கவிடுவார், தம் போடவிடுவார், உப்புப் பார்க்க மட்டும் விடமாட்டார். வெற்றிலை போட்டுச் செத்த நாக்கு என்று கேலி செய்வார். அந்த நாக்கை நம்பி என் கல்யாணப் பிரியாணியை விட்டது அப்பாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றைக்குக் காலையில் அப்பா குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு கோயிலுக்கு வந்தார். என் வலது பக்கம் முழங்காலிட்டார். சாமியார் நன்மையோடு எங்களை நோக்கி வந்தபோது அப்பா கண்ணை மூடி நாக்கை நீட்டினார். அவர் வாங்கினார், அடுத்து நான் வாங்கினேன். எனக்குள் இருந்த பழைய ஆத்திரமெல்லாம் வடிந்து, நன்றாக அழுதேன்.

பந்தி போட்ட பிறகுதான் வினை வந்தது. முதல் வாய் வைத்ததுமே ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓஸ்வால்டின் மாமா ஊருக்கே கேட்கிற குரலில், "ஆம்ப்ரோஸ் கைன்னு சொன்னாங்க. உப்பையே காணோம்" என்றார். இலைக்கு இலை உப்புக் கிண்ணம் ஓட ஆரம்பித்தது. அப்பா ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். முகம் கறுத்துவிட்டது. விடுவிடுவென்று சமையல் கொட்டகைக்கு நடந்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்து, கல்யாணப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் ஓடினேன்.

கோவிந்தன் அண்டா பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

"உப்புப் பாத்தியாடா?"

"இல்லண்ணா."

"உன்ன நம்பித்தானடா போனேன். ஏன் பாக்கல?"

"இன்னிக்குக் கிருத்திகைண்ணா. வீட்ல ஜானகிக்கு ரெண்டு வாட்டி கரு நிக்கல இல்ல, போன வருஷத்துலருந்து அல்சூர் முருகனுக்கு நேர்ந்துகிட்டு ஒருபொழுது இருக்கேன். சாயங்காலம் கோயிலுக்குப் போற வரைக்கும் வாயில ஒண்ணும் படக்கூடாது. கையக் கணக்கு வெச்சுப் போட்டேன். கூடிடுச்சுன்னா எடுக்க முடியாதேன்னு கொஞ்சம் கம்மியாவே போட்டுட்டேன்."

"அத நேத்தே சொல்றதுக்கு என்னடா? வாயில கொழுக்கட்டையா?"

கோவிந்தன் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சொல்லியிருந்தா நீங்க கோயிலுக்குப் போயிருக்கமாட்டீங்கண்ணா. இங்கயே நின்னு நக்கிப் பாத்திருப்பீங்க. பாப்பா பக்கம் இந்த வாட்டியும் காலியா இருந்திருக்கும்."

அப்பா எதற்குத் திட்டுவார்? விரதம் இருந்ததற்கா? வெளியே பந்தியில் அவர் ஆயுசு முழுக்கச் சேர்த்த பெயர் கிண்ணம் கிண்ணமாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, வாழைப்பழமும் பாலும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். "சாயங்காலம் கோவிந்தன் கோயிலுக்குப் போயிட்டு வந்து நம்ம வீட்லதான் விரதம் முடிப்பான். அதுவரைக்கும் யாரும் அதத் தொடாதீங்க" என்றார்.

பிறகு ஒரு இலையை எடுத்துக்கொண்டு பந்தியின் கடைசியில் உட்கார்ந்தார். கோவிந்தன் அந்தப் பிரியாணியைக் கொண்டுவந்து பரிமாறினார். அப்பா ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. உப்புக் கிண்ணத்தை எடுத்துப்போய் அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அப்பா அதைத் தள்ளி வைத்தார்.

"இதுக்கு எதுக்குடி உப்பு?" என்றார்.