பாதியில் நிறுத்திய படம்

எனக்குப் படம் பார்க்கும் பொறுமை கிடையாது. சண்டை வந்தால் பார்ப்பேன், பாட்டு வந்தால் தேநீர் போடப் போய்விடுவேன். இப்படிப்பட்டவனிடம் அந்த டிவிடியைக் கொண்டுவந்து தந்தது வேலைத்தோழரின் பிழை என்று கொஞ்சக் காலம் எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பிழை முழுவதும் என்னுடையது.

அப்போது நான் மொன்றியலின் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை செய்தேன். என் பக்கத்தில் நின்று அடுக்கியவர் ஒரு ருமேனியாக்காரர். கம்யூனிச ஆட்சிக் காலத்தில் பாதி வாழ்க்கையை அங்கே கழித்துவிட்டு மொன்றியலுக்கு வந்தவர். சூப்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதற்குக்கூட ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். நாங்கள் அதை வைத்து அவரைப் பகிடி பண்ணுவோம். அவர் கோபிக்கமாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளையில் அந்த டிவிடியை என் கையில் வைத்தார். "என்னுடைய வாழ்க்கையை எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது. இதில் இருக்கிறது, பார்" என்றார். இரண்டு பேருடைய ஆங்கிலமும் அரைகுறை என்பதால் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் செயின்ட்-மிஷேலில் இருந்த எங்கள் வீட்டில் நானும் மனைவியும் போட்டுப் பார்த்தோம். ஒரு புருஷனும் பெண்சாதியும். அரசாங்கத்துக்கு எதிராக இரகசியமாகப் பத்திரிகை தட்டச்சு செய்து கைமாற்றுகிறவர்கள். ஒருநாள் குசினி அலுமாரியை நகர்த்தும்போது சுவருக்குள்ளிருந்து ஒரு சின்ன வயர் நுனி எட்டிப் பார்க்கிறது. அவ்வளவுதான். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுத்தான் கதைக்கிறார்கள். முக்கியமானதைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டு எரிக்கிறார்கள். பெண்சாதியின் தம்பி ஒருநாள் வீட்டுக்கு வருகிறான். புருஷன் குழாயைத் திறக்க மறந்துபோய், "வியாழக்கிழமை தாள் வந்துவிடும்" என்று ஒரேயொரு வசனம் சொல்லிவிடுகிறான். வியாழக்கிழமை அந்தத் தம்பியை நடுத்தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கிறாள்.

அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். யாழ்ப்பாணத்தில் எனக்கும் ஒரு தம்பி இருந்தான். அவன் ஓர் அச்சகத்தில் வேலை செய்தான். கல்யாணக் கார்ட், செத்தவீட்டு அந்தியேட்டி அழைப்பு என்று அடித்துக்கொண்டிருந்தவன். காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாருக்காக ஒருமுறை ஒரு நோட்டீசும் அடித்துக் கொடுத்திருந்தான்.

"முடிவைப் பாக்கேல்லையோ?" என்று மனைவி கேட்டாள்.

"பாக்க வேண்டியதைப் பாத்திட்டன்" என்றேன். பெரிய ஞானம் வந்தவன்போலச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே இரண்டு போடவேண்டும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போக முதல் ஊருக்குக் கதைப்பது எங்கள் வழக்கம். எங்களுக்குக் காலை, அங்கே பின்னேரம். சந்தி டெப்பனர் கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி, நம்பர்களை அழுத்தி, பத்துத் தரம் முயன்றால் ஒருதரம் கிடைக்கும். அன்றைக்கு முதல் தரமே கிடைத்துவிட்டது. தம்பிதான் எடுத்தான்.

"அண்ணை, நல்ல காலம் நீங்கள் கோல் எடுத்தது. நேற்று வீட்டை ரெண்டு பேர் வந்தவங்கள். அந்த நோட்டீசைப் பற்றி…"

எனக்கு அந்தச் சுவரும் வயர் நுனியும் அப்படியே கண்ணுக்குள் வந்தன. "அங்கை மழையோ?" என்று கேட்டேன்.

"மழையோ? வெயில் கொளுத்துது. அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ, எனக்கொரு…"

"அம்மான்ரை முழங்கால் எப்பிடி?"

அவன் "பரவாயில்லை அண்ணை" என்றான். நான் இங்கே குளிர் தொடங்கிவிட்டதைப் பற்றியும் சின்னவள் கார்டெரி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் பிரெஞ்சுப் பாட்டுப் படிப்பதைப் பற்றியும் அளந்தேன். அட்டை முடியும்வரை அளந்தேன். அவன் "ஓம் அண்ணை, ஓம் அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

வைத்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். "அவன் என்னவோ சொல்ல வந்தவன். ஏனப்பா கதைக்க விடேல்லை?"

"உனக்கொண்டும் விளங்காது. லைனிலை ஆரும் கேட்டுக்கொண்டிருப்பாங்கள்."

"கேக்கட்டுமே. வீட்டை வந்து போனவங்களுக்குத் தெரியாததையோ அவன் சொல்லப்போறான்? நேற்றைய படம் உங்களுக்குத் தலைக்கேறீட்டுது."

அவள் சொன்னதுதான் சரி. நான் அன்று பூசை முடியும்வரை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

திங்கட்கிழமை டிவிடியைத் திருப்பிக் கொடுத்தேன். முழுவதும் பார்த்தாயா என்று ருமேனியாக்காரர் கேட்டார். பார்த்தேன் என்றேன். "முடிவு?" என்றார். "நல்ல முடிவு" என்று சொல்லிவைத்தேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு தன் பாட்டுக்கு அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறும் தம்பிதான் எடுத்தான். இந்த முறை அவனே முந்திக்கொண்டு, "அண்ணை, இங்கை மழை இல்லை, அம்மான்ரை முழங்கால் சுகம்" என்றான். கெட்டிக்காரன், பிடித்துக்கொண்டான் என்று எனக்கு ஒரே சந்தோசம். சிரித்தும் விட்டேன். அவனும் சிரித்தான். அதுதான் நான் கேட்ட அவனுடைய கடைசிச் சத்தம்.

அதற்கடுத்த ஞாயிறு அம்மா எடுத்தார். அச்சகத்திலிருந்து புதன்கிழமை பின்னேரம் வெளிக்கிட்ட பிள்ளை வீட்டுக்கு வந்துசேரவில்லை. சைக்கிள் மட்டும் ஒரு மதகடியில் கிடந்ததாம். வான் வண்டி ஒன்று நின்றதைப் பார்த்ததாக ஒருவர் முதல் நாள் சொன்னார். அடுத்த நாள் தான் ஒன்றுமே பார்க்கவில்லை என்றார்.

"உன்னட்டை ஒரு விலாசம் கேக்கவேணும் எண்டு சொல்லிக்கொண்டிருந்தவன்" என்றார் அம்மா.

"என்ன விலாசம்?"

"கொழும்பிலை தங்குற விலாசம். அதை எழுதிக் குடுத்தால்தான் இங்கையிருந்து வெளிக்கிட ஆமி பாஸ் குடுக்குமாம். பாஸ் பாரத்தை வாங்கி, மிச்சமெல்லாம் நிரப்பி வைச்சிருக்கிறான். ஏன் அண்ணையைக் கேக்கேல்லை எண்டு கேட்டனான். அண்ணைக்கு ஃபோனிலை கதைக்கப் பயம், பேந்து கேப்பம் எண்டவன்."

என்னோடு படித்தவன் ஒருவன் வெள்ளவத்தையில் இருந்தான். மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் மறுபேச்சில்லாமல் "வரச் சொல்லு" என்றிருப்பான். இரண்டு வரி விலாசம். அட்டையில் அரை நிமிடம்கூடப் போயிருக்காது. நான் சின்னவளின் பிரெஞ்சுப் பாட்டைப் பாடிக்காட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை, நடந்தது ஒன்றுமில்லை. காணாமல் போனவர்களைத் தேடித் தருவோம் என்று சொன்ன ஒவ்வோர் இடத்துக்கும் எழுதினேன். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை செய்த பெண்பிள்ளை மிகவும் அன்பாகக் கோப்பி தந்தது, தம்பியின் படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டது. உங்கள் கவலையைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று பிறகு ஒரு கடிதம் வந்தது. பங்குச் சாமி பூசையில் அவன் பெயரைச் சொல்லி மன்றாடினார். வேலைக்குப் போய் நின்றால் கை தன் பாட்டுக்குத் தட்டு அடுக்கும். தலைக்கு மேலே பிளேன்கள் போய்க்கொண்டிருக்கும். அவற்றில் ஒன்றில் ஏறி ஊரில் போய் இறங்கினாலும் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும். எந்த வாசலில் போய் நிற்பது, யாருடைய காலைப் பிடிப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ருமேனியாக்காரருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், படத்தைப் பாதியில் நிறுத்தியதையும் சேர்த்து. அவர் அடுத்த வருடம் ஓய்வுபெற்றுப் போகும் நாளில் அதே டிவிடியைத் திரும்பவும் கொண்டுவந்து தந்தார். "வேண்டாமென்றால் எறிந்துவிடு. ஆனால் பொய் சொல்லாதே" என்றார்.

பல கிழமைகள் அது டிவிக்கு மேலே கிடந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் விட்ட இடத்திலிருந்து பார்த்தேன். தன் தம்பி பிடிபட்ட பிறகு பெண்சாதி புருஷனை நம்பவில்லை. அவனும் அவளை நம்பவில்லை. குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேரும் கதைப்பதில்லை. அவள் பிரிந்து போய்விடுகிறாள். காலம் போய் அரசாங்கம் விழுகிறது. கிழவனாகிவிட்ட புருஷன் இரகசியப் பொலிசின் கோப்புகள் இருக்கும் கந்தோருக்குப் போய்த் தன்னுடையதைக் கேட்கிறான். உங்கள் பெயரில் கோப்பு இல்லை, உங்கள் வீட்டின் பெயரிலும் இல்லை என்கிறாள் அங்கே இருந்த பெண். மைத்துனனின் கோப்பைப் பார்த்தால், அவனை வேறு யாரோ வேறு எங்கோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கிழவன் வீட்டுக்கு வந்து குசினிச் சுவரைச் சுத்தியலால் உடைக்கிறான். வயர் ஒரு சாண் போய், செங்கல்லுக்குள் முடிந்திருக்கிறது. யாரோ எந்தக் காலத்திலோ கழற்றிய அழைப்புமணியின் மிச்சம் அது.

நான் ரிமோட்டைச் சுவரில் எறிந்தேன். மனைவி ஓடிவந்தாள்.

"என்ன முடிவு?" என்றாள்.

"ஒருத்தரும் கேக்கேல்லையாம்."

அவள் என் பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னேனே என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காகவும் எனக்கு அழுகை வந்தது.

எங்கள் லைனை யாராவது கேட்டார்களா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்கென்று திறந்து பார்க்க ஒரு கோப்பு இல்லை, உடைத்துப் பார்க்க ஒரு சுவரும் இல்லை. இப்போதெல்லாம் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான் மன்றாடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கதைக்கும்போது தம்பியின் முழுப் பெயரை, வயதை, அன்று போட்டிருந்த நீலக்கட்டச் சேர்ட்டை, இடது புருவத்துத் தழும்பை எல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். கேட்கிறவன் எழுதிக்கொள்ளட்டும். எழுதி யாரிடமாவது கொடுக்கட்டும்.

கடைசியாக வெள்ளவத்தை விலாசத்தைச் சொல்வேன். ஒழுங்கை, இலக்கம், மேல்மாடி. அம்மாவுக்கு அது பாடமாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும். என்றாலும் நில்லு, பேனை எடுக்கிறன் என்பார். நான் மெதுவாகச் சொல்லி முடிப்பேன்.

"எழுதீட்டன் ராசா. அவன் வந்தோடனை குடுக்கிறன்" என்பார்.