நகல் என்று நினைத்தேன்

"என் ப்ரோக்ராம்தான் காரணம், சார்."

அன்று நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். நான்கு சொற்கள். வாய் வரைக்கும் வந்து நின்றன.

அந்த நாளை நினைத்தால் முதலில் காதில் விழுவது ஒரு சத்தம்... மூடிய இரும்புப் பெட்டிக்குள் இருந்து யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம்.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு, கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கி வைக்கும் இடம். என் முதல் வேலை. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஏசி அறைக்குள்ளும் தொண்டை கரகரக்கும்.

யார்டு முழுவதும் ஒரு பழைய ஜாவா ப்ரோக்ராமில் ஓடியது. எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். ஒவ்வொரு பெட்டியும் அதில் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது தனியொரு பதிவு. சரக்கு, காலி, ரிப்பேர் என்று ஒரு நிலை இருக்கும். ரிப்பேர் என்றால் உள்ளே ஆள் இருக்கலாம். பெட்டிகளைக் கவ்வித் தூக்கும் ஸ்டாக்கர் வண்டியின் டேப்லெட்டில் அது சிவப்பாகத் தெரியும். மற்றதெல்லாம் பச்சை.

மேனேஜர் ராஜதுரை சார் தூத்துக்குடிக்காரர். தினமும் காலையில் ஒரு கணக்கு கேட்டார்... எத்தனை சரக்கு, எத்தனை காலி, இரண்டே வரி. எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் மொழி பைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஜாவாவுக்குள் இருப்பதைப் பைத்தானிலிருந்து எடுக்க ஒரு பாலம் போட ஆரம்பித்தேன்.

ஸ்டாக்கர் ஓட்டும் ஏழுமலை அண்ணன் தண்ணீர் பிடிக்க ஆபீசுக்குள் வருவார். பைத்தான் என்றால் மலைப்பாம்பு என்று அவருக்குச் சொல்லியிருந்தேன்.

"இன்னா பாப்பா, உன் பாம்பு முட்ட போட்ச்சா?"

"இன்னும் இல்லண்ணா."

"போட்டா சொல்லு. ஆம்லெட் போட்டுக்கலாம்."

கிளீனராகச் சேர்ந்து ஒன்பது வருடம் கழித்துத்தான் அவருக்கு அந்த சீட் கிடைத்தது. ஏறும்போது வண்டியைத் தொட்டுக் கும்பிடுவார்.

பாலத்தைச் சோதித்துப் பார்த்தேன். ஜாவாவிலிருந்து ஒரு எண்ணை எடுத்து, பைத்தானில் மாற்றினேன். ஜாவாவில் மாறவில்லை. ஒரு பெயரை எடுத்து மாற்றினேன். அதுவும் மாறவில்லை. சரி, பாலம் தாண்டி வருவதெல்லாம் நகல் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எண்ணும் எழுத்தும்தான் நகலாக வரும். ஆப்ஜெக்ட் அப்படி வராது. அது ஜாவாவிலேயே இருக்கும். நம் கைக்கு வருவது அதைப் பிடித்து இழுக்க ஒரு கயிறு மட்டும்; இங்கே இழுத்தால் அங்கே மாறும்.

என் கணக்கில் ரிப்பேருக்கு வரி இல்லை. அதனால் பட்டியலை எடுத்து, ரிப்பேர் என்றிருந்த பெட்டிகளை எல்லாம் 'காலி' என்று மாற்றி எண்ணினேன். காலை பதினோரு மணி. கணக்கு சரியாக வந்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது...

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ரிப்பேர் பார்க்கும் டேவிட் அண்ணன் ஒரு பெட்டிக்குள் இருந்தார். கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இருட்டில் எங்கே வெளிச்சப் புள்ளி தெரிகிறதோ அங்கே ஓட்டை. முன்பெல்லாம் வெளியே ஒருவர் காவலுக்கு நிற்பாராம். டேப்லெட் வந்த பிறகு அந்த ஆளை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டி தரையை விட்டு ஓர் ஆள் உயரம் போயிருந்தது. சுத்தியல் சத்தம் கேட்டு ஏழுமலை அண்ணன் மெதுவாக இறக்கினார். டேவிட் அண்ணன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து அப்படியே உட்கார்ந்தார்.

நான் ஜன்னலிலிருந்து திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தேன். யார்டு முழுவதும் பச்சை. ஒரு சிவப்புகூட இல்லை.

இன்னும் நான்கு பெட்டிகளுக்குள் ஆட்கள் இருந்தார்கள். ஜாவா ப்ரோக்ராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். சேமித்து வைத்திருந்த பழைய நிலை திரும்பி வந்தது. ரிப்பேர் பெட்டிகள் எல்லாம் மறுபடி சிவப்பு. நடந்ததற்கான தடயமும் அதோடு போயிற்று. அது எனக்கு அந்த நொடியே தெரிந்தது.

நான் வெளியே ஓடியபோது, ராஜதுரை சார் ஏழுமலை அண்ணனின் டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இங்க பாருடே. செவப்புல்லா இருக்கு. கண்ண எங்க வச்சிருந்த?"

"பச்சையா இருந்துச்சு சார். என் புள்ள மேல சத்தியமா, பச்சையா இருந்துச்சு."

"மெஷின் பொய் சொல்லுது, நீ நெசம் சொல்லுத. அப்படித்தான?"

சார் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டத்துல எதுவும் கோளாறு உண்டாம்மா?"

"...பார்க்கிறேன் சார்" என்றேன்.

பயம் என்று சொன்னால் அது பாதி உண்மை. இன்னும் ஒரு நிமிடம் கழித்துச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நிமிடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குள் தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலை மிஞ்சும், இல்லாவிட்டால் போலீஸ் என்று ஏழுமலை அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள். அவர் நேராக என் மேசைக்கு வந்தார்.

"எனக்கு எழுத வராது பாப்பா. நீயே டைப் அட்ச்சுக் குடு."

"என்னண்ணா எழுதணும்?"

"செவப்ப கவனிக்கலன்னு எழுது. பச்சையா இருந்துச்சுன்னா எவன் நம்புவான்?" குனிந்து என் ஸ்கிரீனைப் பார்த்தார். "எனக்கே இப்ப டவுட்டா கீது..."

அடித்தேன். ஆறு வரி. பிழையில்லாமல். அவர் பேரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தேங்க்ஸ்மா" என்றார்.

இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் வேறு கம்பெனி. இரண்டு மொழிகளுக்கு நடுவே பாலம் போட இன்று ஒரு வரி போதும். வேறு மொழி ஆப்ஜெக்டைத் தொடும் முன் நகல் எடுங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் ஒரு சின்ன உதாரணம் காட்டுவேன். அதில் ஆட்கள் யாரும் இல்லை.

அது நடந்த மூன்றாம் நாள் ராஜதுரை சாரிடம் உண்மையைச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

"அப்ப விடு. லெட்டர் ஹெட் ஆபீசுக்குப் போயாச்சு."

ஏழுமலை அண்ணனை ஸ்டாக்கரிலிருந்து இறக்கி, கேட்டில் லாரிகளுக்குச் சங்கிலி திறந்துவிடும் வேலையில் போட்டார்கள். நான் அங்கே வேலை பார்த்த மீதி ஒன்றரை வருடமும் அவர் அந்தக் கேட்டில்தான் இருந்தார்.