மேஸ்திரியக்கா வம்புக்குத் திரும்பிய கதை

பெரிய விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவள்தான் மேற்பார்வை. கூட வேலை செய்யும் பெண்களுக்கு மேஸ்திரியக்கா. இயந்திர இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றி, யார் விரிப்பை மடித்தாலும் ஒரு கிண்டல் அடித்துவிட்டுத்தான் நகர்வாள். அப்படிப்பட்டவள் ஐம்பதை ஒட்டிய வயதில் வாயடைத்துப் போனாள்.

முதலில் சாப்பாடு பிடிக்கவில்லை. பிறகு தூக்கம் போனது. வீட்டில் கணவரும் நாத்தனாரும் பேசிக்கொண்டிருந்தால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றும். அவர்கள் சிரித்துவிட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வேலைக்கும் லீவு போட்டாள். தெருமுனை டாக்டர் கொடுத்த தூக்க மாத்திரையில் தூங்கினாள். விழித்தால் மனசில் அதே பாரம்.

கடைசியில் கணவர் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். "எனக்கென்ன பைத்தியமா?" என்று வாசல்வரை சண்டை பிடித்துக்கொண்டேதான் வந்தாள்.

அந்த டாக்டரம்மா எடுத்த எடுப்பில் மருந்து எழுதவில்லை. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள், மாதவிலக்கு நின்றுவிட்டதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கடைசியாக எதற்குச் சிரித்தாள் என்று பக்கத்து வீட்டுக்காரி போலக் கதை கேட்டார். நடுவில் எழுந்துபோய், முதுகைக் காட்டியபடி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டே, "வேலையில உங்களுக்கு யாரு ரொம்ப நெருக்கம்?" என்றார். பதிலில்லை. திரும்பி வந்து எதிரே உட்கார்ந்து அதையே கேட்டதும் பதில் வந்தது.

"ஏம்மா, நான் பேசறப்ப என் வாயையே பாக்குறீங்களே?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்... உங்க பல்வரிசை அழகா இருக்கு," என்று சமாளித்தாள்.

டாக்டர் கடகடவென்று சிரித்துவிட்டார். "சரி, உங்க காதை யாராவது பாத்திருக்காங்களா?"

சோதித்துப் பார்த்ததில், பல வருட இரைச்சல் இரண்டு காதையும் மந்தமாக்கியிருந்தது. ரத்தசோகையும் இருந்தது.

"மனச்சோர்வும் நிஜம்தான். அதுக்கு மருந்து தர்றேன், வாராவாரம் பேசவும் செய்வோம். ஆனா உங்க காது, ரத்தம், வீடு, வேலை எல்லாம் சேர்ந்ததுதானே நீங்க? ஒண்ணை மட்டும் பாத்தா எப்படி?" என்ற டாக்டர், வெளியே காத்திருந்த கணவரையும் நாத்தனாரையும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கூப்பிட்டா அண்ணி திரும்பிக்கூட பாக்கறதில்ல. திமிருன்னு நெனச்சேன்."

"என்னை வெளிய அனுப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறீங்கன்னு நான் நெனச்சேன்."

"உங்களை அனுப்பிட்டு, எங்க அண்ணனோட நான் தனியா குப்பை கொட்டணுமா?"

கணவர் முகம் போன போக்கைப் பார்த்து மேஸ்திரியக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காதுக்கருவி பொருத்திய அன்று மாலை, வீட்டுக் கூடத்தில் கணவரும் நாத்தனாரும் மெதுவாகப் பேசுவது கேட்டது. பூனைபோல நடந்துபோய்க் கதவோரம் நின்றாள். தொலைக்காட்சித் தொடரில் வில்லி சாவாளா மாட்டாளா என்று பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"இதுக்கா நான் இத்தனை மாசம் அழுதேன்? அவ சாக மாட்டா, இன்னும் ஒரு வருஷம் இழுப்பாங்க!" என்று நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. சில காலைகளில் போர்வையை விலக்கவே மனம் வராது. டாக்டர் மருந்தின் அளவை மாற்றினார். கணவர் சாயங்காலத்தில் கூட நடந்தார். முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று வேலைக்குத் திரும்பினாள். திரும்பிய கையோடு மேலாளரிடம் மல்லுக்கு நின்று, சலவைக்கூடத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் காதுமூடி வாங்கினாள்.

மாதங்கள் கழித்து டாக்டர் கேட்டார், "அடுத்து என்ன செய்யணும்னு ஆசை?"

"நீச்சல் கத்துக்கணும். ஆம்பளைங்க இல்லாத நேரமா பாத்து."

நீச்சல்குளத்துக்குத் தனியாகப் போகவில்லை. வரமாட்டேன் என்று அடம்பிடித்த நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள். சீக்கிரமே மிதக்கக் கற்றுக்கொண்டாள். நாத்தனாரோ குளத்தோரக் கம்பியைக் கட்டிக்கொண்டு, "அண்ணி, நான் போயிட்டேன்னா எங்க அண்ணனை யாரு பாத்துக்குவா!" என்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அலறினாள்.

"மொதல்ல கம்பியை விடு, அப்புறம் போறதைப் பத்திப் பேசலாம்," என்று அவள் வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்தாள் மேஸ்திரியக்கா.