நாலு தொட்டிலுக்கு ஒரு கயிறு

பிள்ளை பார்க்கும் வேலையில் முதலில் தேய்வது இடுப்பு, அப்புறம் காது, கடைசியில்தான் பொறுமை. அந்த வேலையில் அவதிப்பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் கிரெச்சில் நான் ஆயா. அம்மாக்கள் பழம் பறிக்கப் போனால் பிள்ளைகள் என் பொறுப்பு.

கயிறு

நான் சேர்ந்த காலத்தில் உத்திரத்தில் நான்கு சேலைத் தொட்டில்கள். ஒன்றில் என் மகள் ஜான்சி. தரையில் தவழ்ந்ததுகள் தனி. ஒன்று அழுதால் போதும், மற்றதெல்லாம் ஒத்து ஊதும். எனக்கோ இரண்டே கை. நான்கு தொட்டிலையும் ஒரே கயிற்றில் கோத்து, மூலையில் உட்கார்ந்து இழுப்பேன். நான்கும் சேர்ந்து ஆடும். அந்த இரைச்சலை அப்போதெல்லாம் திட்டாத நாளில்லை. இப்போது அதற்காக ஏங்குகிறேன்.

ஒருநாள் எட்டிப்பார்த்த, கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏனுங்க ஸ்டெல்லா, சர்ச்சு மணியாட்டம் இழுக்கறீங்க, பூசை எத்தனை மணிக்குங்க?"

போட்டிக்கு ஆள்

இப்போது கிரெச்சில் ஒரே பிள்ளை, யாழினி. முன்பெல்லாம் யாருக்கும் ஊட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பது தன் தட்டில் கை வைத்துவிடுமோ என்ற பயத்திலேயே எல்லாம் தின்று முடித்துவிடும். இவளுக்கு அந்தப் பயம் இல்லை; சோறும் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் நானும் ஒரு தட்டோடு எதிரே உட்கார்ந்து அவள் வாழைப்பழத்தைப் பிடுங்கினேன். ஓவென்று கத்திக்கொண்டே சாப்பிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றாள் அவள் அம்மா செல்வி.

"எம் புள்ளைக்குத் தங்கச்சி இல்லாத குறைய நீங்களே தீத்துட்டீங்கக்கா."

ஓட்டுக் கேட்டது

யாழினி பள்ளிக்கூடம் போனதும் கிரெச்சை மூடிவிடுவதாக ரைட்டர் சொன்னார். அப்புறம் எனக்குப் பறிப்பு வேலையாம். அந்தச் சரிவெல்லாம் என் இடுப்புக்கு ஆகாது. வேலையை விட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டையும் விட வேண்டும். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த ஓட்டு வீட்டைத் தவிர எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ஆகவே வீடு வீடாகப் போய், இன்னொன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். எலக்‌ஷனுக்கு நிற்பவர்கூட அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டார். சிலர் சிரித்தார்கள், சிலர் காப்பி கொடுத்தார்கள். செல்விதான் உடைத்துச் சொன்னாள்.

"இது ஒண்ணு ஸ்கூல் போனா பீசு, வேனுன்னு கட்டறதுக்கே இப்பவே ரெண்டு பேரும் பறிக்கறோமுங்க. இன்னொண்ணு பொறந்தா, அதுவும் கூடையோடதான் பொறக்கோணும்."

சொந்த ஓட்டு

ஜான்சிக்குக் கல்யாணமாகி சேலத்தில் துணிக்கடை வேலை. ஊரெல்லாம் கேட்ட வாய், சொந்த மகளிடம் கேட்கக் கூசியது. போன ஞாயிறு வந்திருந்தாள். ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் இறங்கியவளை நேரே கிரெச்சுக்கு அழைத்துப் போனேன். தான் தூங்கிய இடத்தில் நின்று, விளையாட்டாகக் கயிற்றை இழுத்தாள். ஒற்றைத் தொட்டில் காலியாக ஆடியது. அந்தத் தைரியத்தில், எனக்கு ஒரு பேரப்பிள்ளை பெற்றுக்கொடு என்று கேட்டுவிட்டேன். அவள் கயிற்றை விடவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"பகலெல்லாம் கடையில நிக்கறேன், கொழந்தைய எங்கேம்மா தொங்கவுடறது? நீ வந்து பாத்துக்கறேன்னு ஒரு வார்த்த சொல்லு, நான் பெத்துக்கறேன்."

சேலத்துக்குப் போனால் வேலையோடு லைன் வீடும் போய்விடும்; பிள்ளை வளர்ந்த பிறகு திரும்பி வர எனக்கென்று ஒரு கூரை இருக்காது. இந்த எஸ்டேட்டில் பாதிப் பேரைத் தொட்டிலில் ஆட்டி வளர்த்த எனக்கு, என் பேரப்பிள்ளையை ஆட்டப் போக மட்டும் லீவு கிடையாது.